உறுமி, ஒன்பது கேசட், ஒரு ‘லைசென்ஸ்’ கட்டணம்: சுங்கை சிப்புட் கேசட் கடையைப் பற்றி

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் எல்லோரும் அதைத்தான் கேட்பீர்கள். பழைய கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றித் தர ஒரு கேசட்டுக்கு 25 வெள்ளி (ரிங்கிட்), 60 நிமிடமோ 90 நிமிடமோ ஒரே விலைதான். ஒன்பது கேசட் கொடுத்தேன், 225 வெள்ளி ஆனது. மூன்று வாரத்தில் தருகிறேன் என்றவர் ஐந்து வாரம் இழுத்தார். வேலை சுத்தம். ஐந்துக்கு நாலு.

கடை மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் பழைய கடை வரிசை ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய் ‘டிவி, ரேடியோ’ என்ற இரண்டு சொல் மட்டும்தான் தெரியும். ஒரு காலத்தில் விசிடி வாடகைக்கு விட்ட கடை, இப்போது கைப்பேசிக்குக் கண்ணாடி மாற்றுவதுதான் முக்கிய வருமானம். உள்ளே பாதி இடத்தைப் பழைய டிவிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன, மீதியில் ஒரு மேசை, இரண்டு கேசட் டெக், ஒரு கணினி, ஒரு மைலோ டின் நிறையக் குட்டித் திருகாணி. கடைக்கார அண்ணனுக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அவசரமாகப் போகிறவர்கள் மதியத்துக்கு மேல் போகாதீர்கள்.

இது எனக்கு இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியின் கதையைச் சொன்னால்தான் இந்தக் கடையை ஏன் புகழ்கிறேன் என்று புரியும்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் உறுமி அடித்தவர். பால்வெட்டு முடிந்து வந்து, குளித்து, சாயங்காலம் கோயிலில் அடிப்பார். எண்பதுகளில் தீமிதித் திருவிழா ஒன்றில் அவருடைய குழு அடித்ததை யாரோ ரேடியோ கேசட்டில் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோயிலும் இப்போது இல்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, அந்த இடம் முழுக்கச் செம்பனை நிற்கிறது. மிச்சம் இந்தக் கேசட் ஒன்றுதான். 2018-ல் வேறொரு ஊரில், ஏசி போட்ட பெரிய கடையில், கணினிக்கு மாற்றித் தருவதாக எழுதியிருந்ததைப் பார்த்து அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாளில் சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். ரசீதில் ஒரு வரி: ‘எம்பி3 லைசென்ஸ், 4 வெள்ளி’. அது என்ன என்று கேட்டதற்குக் கவுண்டரில் இருந்த பெண், “ஜெர்மனிக்குக் கட்டணும் கா” என்றாள். நானும் கட்டிவிட்டேன். இத்தனைக்கும் ஈப்போவில் கணினி வேலை பார்க்கிறவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை.

வீட்டில் போட்டுப் பார்த்தால் உறுமி தண்ணீருக்குள் அடிக்கிற மாதிரி கேட்கிறது. கேசட் பழசு, அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து மூன்று நாலு வருஷம் அதையே தீபாவளிக்குத் தீபாவளி போட்டுக் கேட்டோம். அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும், “உங்கப்பா இப்படி அடிக்க மாட்டாரே” என்பார்.

இந்த அண்ணனிடம் அந்தக் கோப்பைப் போட்டுக் காட்டினேன். பத்து விநாடி கேட்டார். “டேப் கெட்டுப்போகல தங்கச்சி, சுருக்கினவன் கெடுத்துட்டான்” என்றார். லைசென்ஸ் கதையைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண் சொன்னதில் முக்கால்வாசிப் பொய்யும் கால்வாசி உண்மையும் இருக்கிறது. எம்பி3 யாரும் சும்மா தூக்கிக் கொடுத்தது இல்லை. ஜெர்மனியில் எர்லாங்கன் ஊரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் கூட இருந்தவர்களும் எண்பதுகளிலிருந்து உட்கார்ந்து யோசித்தது. கோயில் மேளம் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது நமக்குக் கேட்பதில்லை அல்லவா, அதேபோல ஒரு பெரிய ஒலி தனக்குப் பக்கத்தில் உள்ள சிறிய ஒலியை மறைத்துவிடும். எப்படியும் காதில் விழாததை எதற்குச் சேமிக்க வேண்டும், அதுதான் அடிப்படை. சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் பிடிக்கிற பாட்டு 128 கிலோபிட்டில் அடங்கிவிடும், பதினொன்றில் ஒரு பங்கு. 1993-ல் சர்வதேசத் தரமாகவே வெளியானது. தரத்தின் விவரம் புத்தகமாகக் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம், ஆனால் அதன்படி நீங்களே ஒரு மென்பொருள் எழுதினால் காப்புரிமை வைத்திருப்பவருக்குக் காசு கட்ட வேண்டும். இந்த முடிச்சுதான் பிறகு எல்லோரையும் படுத்தி எடுத்தது.

1998 செப்டம்பரில் அது வெடித்தது. அதுவரை ஆளாளுக்கு இலவசமாக என்கோடர், அதாவது பாட்டைச் சுருக்கும் மென்பொருள், எழுதி இணையத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஃபிரான்ஹோஃபரிடமிருந்து கடிதம் போனது: உரிமம் வாங்கு, இல்லையென்றால் நிறுத்து. பின்னாளில் வந்த கட்டணப் பட்டியலில் பாட்டைத் திறந்து காட்டும் டிகோடர் ஒன்றுக்கு 75 அமெரிக்க சென்ட், சுருக்கும் என்கோடர் ஒன்றுக்கு 5 டாலர் வரை. பெரிய கம்பெனிக்கு இது டீச்செலவு. ராத்திரி உட்கார்ந்து சும்மா எழுதி ஊருக்கெல்லாம் கொடுக்கிற ஒருவனுக்கு? பத்தாயிரம் பேர் இறக்கிக்கொண்டால் ஐம்பதாயிரம் டாலர் கட்டவேண்டும், அவனுக்கு வரும்படி ஒரு காசு கிடையாது. சிலர் மூட்டை கட்டினார்கள். சிலர் தந்திரம் செய்தார்கள். லேம் என்ற என்கோடர் இருக்கிறதே, அதன் பெயரின் விரிவே ‘லேம் ஓர் எம்பி3 என்கோடர் கிடையாது’ என்பதுதான். வாசலில் நின்றுகொண்டே ‘நான் வீட்டில் இல்லை’ என்று சொல்கிற கதை. முதலில் அது தரக்குழு வெளியிட்டிருந்த மாதிரி நிரலுக்கு ஒட்டுப் போடுகிற திருத்தமாக மட்டும் இருந்தது, 2000-க்குள் அந்தப் பழைய நிரல் முழுவதையும் கழற்றிவிட்டுச் சொந்தமாக எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஓடும் நிலையில் கொடுக்க மாட்டார்கள், மூல நிரலை மட்டும் கொடுப்பார்கள். அரிசியும் உளுந்தும் தருகிறோம், தோசை நீயே சுட்டுக்கொள்.

இதைத்தான் அண்ணன் தன் வாயால் சொன்னார், காப்புரிமை என்ற சொல்லே வராமல். ஆடாசிட்டி என்பது ஒலியைப் பதிந்து திருத்தும் இலவச மென்பொருள். “ஆடாசிட்டி போட்டா எம்பி3யா சேமிக்க விடாது லா. ‘லேம் எங்க இருக்கு காட்டு’ன்னு ஒரு பெட்டி வரும். அதைத் தேடிப் போனா பத்து தளத்துல பத்து விதமா இருக்கும், ஒன்பதுல வைரஸ். ரெண்டு தடவ இந்தக் கணினியவே ஃபார்மட் பண்ணிட்டேன்.” எனக்கும் அந்தப் பெட்டி நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆடாசிட்டிக்குள்ளேயே லேம் சேர்ந்து வர ஆரம்பித்தது 2019-ல்தான். இத்தனை வருஷமும் உலகத்திலேயே நல்ல எம்பி3 என்கோடர் என்று பேர் வாங்கியது ஒன்று இலவசமாகக் கிடந்தும், அதை மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கப் பயந்ததால், சின்ன ஊர்க் கடைக்காரர்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சுருக்கினார்கள். எங்கள் அப்பாவின் உறுமி அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

சரி, என்ன கெட்டது என்று பார்ப்போம், இது எனக்குப் பிடித்த பகுதி. எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்கும், ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லிசெகண்டு. துண்டுக்குள் ஏற்படும் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவும். புல்லாங்குழல், பாட்டு என்றால் பரவாயில்லை, பிழை அந்த ஒலிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். உறுமியில் ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்த்து ‘ம்ம்ம்’ என்று முனக வைப்பார்கள், இன்னொரு பக்கம் அடி. அடி விழுவதற்கு முன்னால் ஒரு கண நேரம் அமைதி, அப்புறம் திடீரென்று ‘டக்’. துண்டின் கடைசியில் அந்த ‘டக்’ விழுந்தால் அதன் பிழை முன்னாலிருக்கும் அமைதிக்குள்ளும் கசிந்துவிடும், அடி விழுவதற்கு முன்பே ஒரு ‘ஷ்’ கேட்கும். நல்ல என்கோடர் இந்த இடத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் குட்டித் துண்டுக்கு மாறிக்கொள்ளும். சில பழைய என்கோடர்கள் மாறவே மாறாது. போதாக்குறைக்குக் கேசட்டின் இரைச்சல் வேறு. இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது, அதனால் அதைச் சுருக்குவதுதான் மகா கஷ்டம், இருக்கிற 128 கிலோபிட்டில் பெரும்பங்கை இரைச்சல் தின்றுவிட்டு உறுமிக்கு எலும்பைப் போடும். அதுதான் அந்தத் தண்ணீர்ச் சத்தம்.

இப்போது அண்ணன் மாற்றிக் கொடுத்ததையும் அதையும் அடுத்தடுத்துப் போட்டேன். புதியதில் அடி அடியாக விழுகிறது. நாலாவது நிமிடத்தில் யாரோ ஒருவர் “ஏய் தள்ளி நில்லு, சூடு!” என்று கத்துகிறார், பழைய கோப்பில் அது வெறும் கரகரப்பு. அம்மா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, திரும்பப் போடு என்று மட்டும் கை காட்டினார்.

அண்ணன் வேலை செய்யும் விதம்: கேசட்டை வாங்கியதும் டெக்கில் போடவில்லை. முதலில் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து டேப்பின் ஓரம் பார்த்தார். இரண்டில் வெள்ளையாகப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்குப் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். அதைத் துடைத்துச் சுற்றி எடுக்க ஒரு நாள் தனியாக ஒதுக்கினார். ஒன்றில் டேப்பை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோயிருந்தது, வேறு ஒரு செத்த கேசட்டிலிருந்து பிடுங்கி ஒட்டினார். அப்புறம் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தார். கடைசியாகச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய திருப்புளியால் ஹெட்டின் ஓரத் திருகாணியைக் கால் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம் திருப்பினார். மூடிக் கிடந்த ஒலி திடீரென்று திறந்துகொண்டது. பதிந்த பெட்டியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு இதையும் கொண்டுவர வேண்டுமாம், ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும். அந்த ஏசி கடையில் இதையெல்லாம் யார் செய்திருக்கப் போகிறார்கள்?

ஃபார்மட் எது வேண்டும் என்று கேட்கிறார், அதுவே பெரிய விஷயம். மூலப் பதிவு 24 பிட்டில், ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல். அதை ஃபிளாக்காகக் கேட்டு வாங்குங்கள். ஃபிளாக் எதையும் வெட்டாது, துணியை மடித்து வைப்பது போலத்தான், விரித்தால் அப்படியே இருக்கும். 2001-லிருந்து இருக்கிறது, யாருக்கும் கட்டணம் கிடையாது. கூடவே எம்பி3யும் வாங்கிக்கொள்ளுங்கள், மாமாவின் லோரியில் ஓடுவது அது ஒன்றுதான். எம்பி3க்கு அண்ணன் தனியாகக் காசு கேட்பதில்லை, கேட்கவும் நியாயமில்லை: அமெரிக்காவில் கடைசிக் காப்புரிமை 2017 ஏப்ரலில் தீர்ந்தது, அதே மாதம் ஃபிரான்ஹோஃபரும் உரிமம் விற்பதை நிறுத்திக்கொண்டது. 2018-ல் நான் கட்டிய நாலு வெள்ளி ஜெர்மனிக்குப் போயிருந்தால் அவர்களே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதற்கு முன்னாலும் அந்தக் காசு பெட்டியும் மென்பொருளும் செய்கிறவன் கட்டுவதுதான், சொந்தக் கேசட்டை மாற்ற வருகிறவன் தலையில் கட்டுவது இல்லை.

ஜெர்மன்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்தவன் கூலி கேட்பான். ஆனால் உரிமம் வாங்கினாலும் நிம்மதி இல்லையே, அதுதான் கொடுமை. மைக்ரோசாஃப்ட் 16 மில்லியன் டாலர் ஃபிரான்ஹோஃபருக்குக் கட்டி முறைப்படி உரிமம் வாங்கியிருந்தது. அப்புறம் அல்காடெல் லூசென்ட் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனி வந்து, எம்பி3யில் எங்கள் காப்புரிமையும் இருக்கிறது என்று வழக்குப் போட்டு, 2007 பிப்ரவரியில் சான் டியேகோ ஜூரி 1.52 பில்லியன் டாலர் கொடு என்றது. வாடகை கட்டிக் குடியிருக்கும் வீட்டுக்கு இன்னொருவர் பட்டாவோடு வந்து நிற்பது மாதிரி. ஆகஸ்டில் நீதிபதி அதைத் தள்ளிவிட்டார், அது வேறு. பில்லியன் கணக்கில் வழக்காட முடிந்தவனுக்கே இந்தக் கதி என்றால் தனி ஆள் எந்தத் தைரியத்தில் எழுதுவான்? 2002-ல் ரெட் ஹேட் லினக்ஸ் என்ற இயங்குதளம் எம்பி3 ஆதரவையே எடுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் பாலிடெக்னிக்கில் படித்த என் பெரியம்மா மகன் லினக்ஸ் போட்டுவிட்டு ஒரு பாட்டுகூடப் பாடவில்லை என்று ஸ்பீக்கரைப் பிரித்துப்போட்டது எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிற ஜோக்.

அந்த 1998 கடிதத்தால் ஒரு நல்லதும் நடந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கிறிஸ் மாண்ட்கோமரி என்பவர் கடுப்பாகி, காப்புரிமை இல்லாத வழிகளை மட்டும் தேடித்தேடி ஆக் வோர்பிஸ் என்று வேறொரு ஒலி ஃபார்மட்டை முழுமூச்சாக எழுத உட்கார்ந்தார், 2002 ஜூலையில் முதல் பதிப்பு வந்தது. எம்பி3யைவிட நன்றாகவே இருந்தது. ஸ்பாட்டிஃபை அதைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அதற்குள் சீனாவிலிருந்து வந்த ஒவ்வொரு பெட்டியிலும் எம்பி3 என்று அச்சாகிவிட்டது. அண்ணனிடம் வோர்பிஸில் தர முடியுமா என்று சும்மா கேட்டேன். “தரலாம். எதுல போட்டுக் கேப்பீங்க?” என்றார். பதில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வேலை நடக்கும்போது அண்ணன் மாதிரிக்கு வாட்ஸப்பில் ஒலிச் செய்தியாக அனுப்புவார். அதைக் கேட்டுவிட்டு நான் பதறிப்போய் போன் போட்டேன், மறுபடியும் தண்ணீர்ச் சத்தம் என்று. ஒலிச் செய்தி ஓப்பஸ் ஃபார்மட்டில் போகிறது, 2012-ல் வந்தது, அதே ஆக் வோர்பிஸ் ஆட்களும் ஸ்கைப் ஆட்களும் கட்டணம் இல்லாமல் கொடுத்தது. அருமையான சரக்குதான், ஆனால் வாட்ஸப் அதைப் பேச்சுக் குரலுக்குத் தகுந்த மாதிரி இறுக்கிப் பிழிந்து அனுப்புகிறது. அதில் உறுமியை எடை போடாதீர்கள், நேரில் போய் ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த ஓப்பஸிலும் எங்கள் காப்புரிமை இருக்கிறது என்று 2023-ல் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம். கோப்புகளுக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை, எல்லாமே ‘டிராக் 1’, ‘டிராக் 2’. ரசீது கேட்டால்தான் வரும். கடையில் விற்கும் 16 ஜிபி பென்டிரைவ் 35 வெள்ளி, அநியாயம், நீங்களே கொண்டுபோங்கள்.

ஆனால் நட்சத்திரம் போனது இதற்கெல்லாம் இல்லை. ஆயாவின் தாலாட்டு ஒரு கேசட்டில் இருந்தது, லயத்து வீட்டில் பதிந்தது. நான் கேட்காமலேயே அண்ணன் இரைச்சலை நீக்கும் கருவியை ஓட்டிவிட்டார். தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்திருக்கிறது, கருவிக்கு மழைக்கும் டேப் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மழையைச் சேர்த்துத் துடைத்துவிட்டது. ஆயா ஏதோ ஸ்டூடியோவில் நின்று பாடுகிற மாதிரி, குரல் மட்டும் தனியாக, ஓரமெல்லாம் நடுங்கி. நான் முகத்தைத் தொங்கப்போட்டதும், “சுத்தமா இருக்கட்டும்னு பண்ணேன் மா” என்றார். பத்திரமாக மூலப் பதிவை வைத்திருந்ததால் கையோடு மழையோடு எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நீங்கள் போகும்போது ‘எதையும் துடைக்க வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதிக் கேசட்டோடு ரப்பர் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு குட்டித் தாவலையும் வீட்டிலேயே உடைத்துவிட்டு எடுத்துப்போங்கள், அப்போதுதான் கை தவறிப் பதிவுப் பொத்தான் அமுங்கினாலும் ஒன்றும் அழியாது. உறுமிக் கேசட்டில் அப்பா அந்தக் காலத்திலேயே உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டி, முதல் ஏழு நிமிடத்தில் ரேடியோப் பாட்டைப் பதிந்தது யார் என்று எங்கள் வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது. அண்ணன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். கடைக்காரரைச் சொல்லவில்லை, என் சொந்த அண்ணனை.